யூஎஸ்பி செருகியும் ரவுட்டர் கண்டுகொள்ளவில்லையா? எக்ஸ்ட்ரூட் தானியங்கி அமைப்பில் வரும் கோளாறுகள்

ரவுட்டருக்கான இலவச லினக்ஸ் இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் ரவுட்டரில் கையால் எக்ஸ்ட்ரூட் செய்வது, அதாவது அதன் சேமிப்பிடத்தை யூஎஸ்பி டிஸ்க்குக்கு மாற்றுவது, பழகியவர்களுக்குச் சின்ன வேலை. அதையே ரவுட்டர் தானாகச் செய்துகொள்ள வேண்டும், நாம் பென்டிரைவைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட வேண்டும் என்று ஆசைப்பட்டால் அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது. கையால் செய்யும்போது எந்த இடத்தில் தப்பு என்று திரையிலேயே தெரியும். ஸ்கிரிப்ட் செய்யும்போது ஒரு எல்இடி விளக்கு மினுக்குவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கிற மாதிரி இதை எழுதியிருக்கிறேன்.

முதலில் அடிப்படை. டிபி-லிங்க் டபிள்யூடிஆர்4300 மாதிரியான ஒரு ரவுட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 128 எம்பி ரேம், இரண்டு யூஎஸ்பி 2.0 போர்ட் எல்லாம் உண்டு. ஃபிளாஷ் மட்டும் 8 எம்பி. அதிலும் பெரும்பகுதி ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கப்பட்ட பகுதிக்குப் போய்விடும். அதைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. மிச்சமிருக்கும் துண்டு இடத்தில்தான் நம் அமைப்புகளும், பின்னால் நிறுவும் பேக்கேஜ்களும் உட்கார வேண்டும். படிக்க மட்டுமான ரோம் கீழ் அடுக்கு, எழுதக்கூடிய ஓவர்லே மேல் அடுக்கு. இரண்டும் சேர்ந்து தெரிவதுதான் ரவுட்டரின் முழு ஃபைல் சிஸ்டம். இந்த மேல் அடுக்கை மட்டும் பெயர்த்து யூஎஸ்பியில் கொண்டுபோய் வைப்பதுதான் எக்ஸ்ட்ரூட்.

டிஸ்க்கைக் கண்டுபிடிக்கத் தேவையான எதுவும் அந்த டிஸ்க்கிலேயே இருக்கக் கூடாது. இருந்தால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதைதான். டிரைவர், எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பு, டிஸ்க்கை மவுன்ட் செய்யும் (ஃபைல் சிஸ்டத்தோடு இணைக்கும்) நிரல் எல்லாம் ரவுட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். கீழே வருகிற கோளாறுகளில் பலவும் இந்த ஒரே தவற்றின் வேறு வேறு வேஷங்கள்தான்.

நான் செய்து வைத்திருப்பது இது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் இமேஜ் பில்டரை வைத்து, வேண்டிய டிரைவர்களையும் ஒரு ஸ்கிரிப்டையும் உள்ளே திணித்து ஒரு ஃபர்ம்வேர் (ரவுட்டரில் ஏற்றும் இமேஜ்) தயாரிக்கிறேன். ரவுட்டர் முதல் தடவை எழுந்ததும் அந்த ஸ்கிரிப்ட் யூஎஸ்பி டிஸ்க் வருகிறதா என்று காத்திருக்கும். வந்ததும் அதை ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்), எக்ஸ்ட்ரூட், டேட்டா என்று மூன்றாகப் பிரிக்கும், ஃபார்மேட் செய்யும், ஓவர்லேயில் இருப்பதை நகலெடுக்கும், எஃப்எஸ்டேப் எழுதும், ரீபூட் செய்யும். இதையே செய்யும் ஆயத்த ஸ்கிரிப்ட் ஒன்று கிட்ஹப்பில் ஆட்டோ-எக்ஸ்ட்ரூட் என்ற பெயரில் கிடைக்கிறது. எதை எடுத்தாலும் கோளாறுகள் ஒரே சாதிதான்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இரண்டு சோதனை. எஸ்எஸ்எச் வழியாக (கணினியிலிருந்து ரவுட்டரின் டெர்மினலுக்குள் நுழையும் வழி) உள்ளே போய் ‘டிஎஃப் -எச்’ அடியுங்கள். ஓவர்லே என்ற வரியில் எஸ்டிஏ என்று தொடங்கும் சாதனமும் ஜிபி கணக்கில் இடமும் தெரிந்தால் எக்ஸ்ட்ரூட் ஓடிக்கொண்டிருக்கிறது. எம்டிடி என்று தொடங்கும் சாதனமும் சில நூறு கேபி இடமும் தெரிந்தால் ஓடவில்லை. அடுத்து ‘லாக்ரீட்’ அடித்து, பிளாக் என்ற சொல் வரும் வரிகளை மட்டும் பொறுக்கிப் பாருங்கள். எக்ஸ்ட்ரூட் தேடலில் ரவுட்டர் எங்கே தடுக்கி விழுந்தது என்று அந்த நான்கைந்து வரிகளே சொல்லிவிடும். இதைப் பார்க்காமல் திரும்பத் திரும்ப ஃபிளாஷ் செய்வது வீண் வேலை. நான் ஒரு ஞாயிறு முழுக்க அப்படி வீணாக்கியிருக்கிறேன்.

டிஸ்க்கைச் செருகினேன், ஒன்றுமே நடக்கவில்லை

லாக்கில் ‘நியூ ஹைஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ்’ என்ற வரி வந்ததா? வரவே இல்லை என்றால் மென்பொருளைச் சந்தேகிக்கும் முன் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் இதைத் தாண்டி இழுக்கும். மெல்லிய ‘டிக் டிக்’ சத்தம் கேட்டால், டிஸ்க் எழ முயன்று விழுகிறது என்று பொருள். அதே போர்ட்டில் சாதாரண பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். அது வேலை செய்தால் ஹார்டு டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் உள்ள ஹப் வாங்குவதுதான் வழி. ரவுட்டரின் அடாப்டர் வயதாகித் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். ஒரு முறை இரண்டு நாள் ஸ்கிரிப்டைக் குடைந்துவிட்டு அடாப்டரை மாற்றினேன். ஒரு நிமிடத்தில் டிஸ்க் வந்தது.

அந்த வரி வந்திருக்கிறது, ஆனால் எஸ்டிஏ என்ற பெயர் எங்கும் இல்லை என்றால், கேஎம்ஓடி-யூஎஸ்பி-ஸ்டோரேஜ் என்ற டிரைவர் பேக்கேஜ் இமேஜில் இல்லை. ரவுட்டருக்கு ஏதோ செருகப்பட்டது தெரிகிறது, அது டிஸ்க் என்று தெரியவில்லை.

மூன்றாவது வகை: எஸ்டிஏ வருகிறது, சில நொடியில் ‘ரீசெட்’ என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கும் முதல் காரணம் மின்சாரம், இரண்டாவது கேபிள். இரண்டும் சரி என்றால் டிஸ்க் உறைக்குள் இருக்கும் சிப் யூஏஎஸ் என்ற வேகமான யூஎஸ்பி பரிமாற்ற முறையில் முரண்டு பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். யூஏஎஸ் டிரைவரை இமேஜிலிருந்து எடுத்துவிட்டு, பழைய யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவரிலேயே விட்டால் வேகம் கொஞ்சம் குறையும், அடம் நிற்கும்.

டிஸ்க் தெரிகிறது, மவுன்ட் ஆக மறுக்கிறது

‘பிளாக் இன்ஃபோ’ அடித்தால் பார்டிஷனும் அதன் அடையாள எண்ணான யூயூஐடியும் அழகாகத் தெரிகின்றன. மவுன்ட் செய்தால் மட்டும் ‘நோ சச் டிவைஸ்’. சாதனம்தான் கண்ணெதிரே இருக்கிறதே என்று குழம்புவீர்கள். அந்தச் செய்தி இங்கே ஃபைல் சிஸ்டத்தைப் பற்றியது. பிளாக் நிரல் டிஸ்க்கின் தலைப்பகுதியைத் தானே படித்து ‘இது எக்ஸ்ட்4’ என்று லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தின் வகையைச் சொல்லிவிடும், அதற்கு லினக்ஸின் மையமான கெர்னலின் உதவி தேவையில்லை. மவுன்ட் செய்யக் கெர்னலுக்கு எக்ஸ்ட்4 தெரிந்தாக வேண்டும். கேஎம்ஓடி-எஃப்எஸ்-எக்ஸ்ட்4 விட்டுப்போயிருக்கும்.

டிஸ்க்கை லேப்டாப்பில் ஃபார்மேட் செய்து கொண்டுவந்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. ஃபார்மேட் செய்யும் இ2எஃப்எஸ்புரோக்ஸ் கருவியின் 1.47.0 பதிப்பு 2023-ல் வந்தபோது, சில புதிய எக்ஸ்ட்4 வசதிகளை இயல்பாகவே இயக்கிவிட்டது. புது லினக்ஸ் லேப்டாப்பில் செய்த டிஸ்க்கைப் பழைய ரவுட்டரில் இருக்கும் சரிபார்க்கும் கருவி ‘எனக்குத் தெரியாத வசதி’ என்று தள்ளிவிடும். மிகப் பழைய கெர்னலாக இருந்தால் மவுன்ட்டே ஆகாது. தீர்வு எளிது: ஃபார்மேட்டை ரவுட்டரிலேயே செய்யுங்கள். தானியங்கி ஸ்கிரிப்டை நான் விரும்ப இதுவும் ஒரு காரணம்.

என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், ஃபேட்32 எதுவும் எக்ஸ்ட்ரூட்டுக்கு ஆகாது. ஓவர்லேக்கு லினக்ஸின் உரிமை அமைப்பும் குறியீட்டு இணைப்புகளும் வேண்டும். படம், பாட்டு வைக்கும் டேட்டா பார்டிஷன் எந்த ஃபார்மேட்டில் இருந்தாலும் பாதகமில்லை.

டிரைவர் போடவே இடமில்லை

இடம் வேண்டித்தான் யூஎஸ்பி கேட்டோம், அந்த யூஎஸ்பியைப் படிக்கும் டிரைவருக்கே இடமில்லை. 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் உள்ள ரவுட்டர்களில் இதுதான் முதல் முட்டுச்சுவர். ஓப்பன்டபிள்யூஆர்டி அவற்றுக்கான அதிகாரபூர்வ ஆதரவை 19.07 வரிசையோடு முடித்துக்கொண்டது. அந்த அளவு ரவுட்டரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள் என்பது என் யோசனை. நேரத்துக்கும் விலை உண்டு.

8 எம்பி என்றால் வழி இருக்கிறது. ஓடும் ரவுட்டரில் பேக்கேஜ் நிறுவாமல், இமேஜ் தயாரிக்கும்போதே உள்ளே சேர்த்துவிட வேண்டும். ஸ்குவாஷ்எஃப்எஸ் எக்ஸ்இசட் முறையில் இறுக்கமாகச் சுருக்குவதால், அதே டிரைவர் அங்கே குறைவான இடத்தில் அடங்கும். இமேஜ் பில்டரைக் கணினியில் இறக்கி ஓட்டத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஃபர்ம்வேர் செலக்டர் தளத்தில் உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்து, பேக்கேஜ் பட்டியலைத் திருத்தி, முதல் பூட்டில் ஓட வேண்டிய ஸ்கிரிப்டையும் ஒட்டினால் அதுவே இமேஜ் செய்து தரும். சேர்க்க வேண்டியவை பிளாக்-மவுன்ட், கேஎம்ஓடி-யூஎஸ்பி-ஸ்டோரேஜ், கேஎம்ஓடி-எஃப்எஸ்-எக்ஸ்ட்4, இ2எஃப்எஸ்புரோக்ஸ், அப்புறம் பார்டிஷன் பிரிக்க ஏதேனும் ஒரு கருவி. அப்படியும் இடம் போதாவிட்டால் லூசி இணைய முகப்பை எடுத்துவிடுங்கள், எக்ஸ்ட்ரூட் வந்த பிறகு அதை டிஸ்க்கில் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்து ரீபூட் ஆனதும், பழைய குருடி கதவைத் திறடி

அதிகம் பேரைக் கடுப்பேற்றுவது இந்த அறிகுறிதான். ஸ்கிரிப்ட் ஓடியது, டிஸ்க் பிரிந்தது, நகல் ஆனது, ரீபூட்டும் ஆனது. ‘டிஎஃப்’ அடித்தால் அதே சில நூறு கேபி. காரணங்கள் பல, எனக்கு வந்த வரிசையில் சொல்கிறேன்.

டிஸ்க் மெதுவாக எழுகிறது. ரவுட்டர் பூட் ஆகும் தொடக்கத்திலேயே எக்ஸ்ட்ரூட் தேடல் நடந்து முடிந்துவிடும். ஹார்டு டிஸ்க் சுழன்று தயாராவதற்குள் ரவுட்டர் ‘ஆள் வரவில்லை’ என்று உள் ஃபிளாஷோடு கிளம்பிவிடும். எஃப்எஸ்டேப் கோப்பின் குளோபல் பகுதியில் டிலே_ரூட் என்ற அமைப்பு உண்டு, இயல்பாக 5 நொடி. அதை 15 ஆக்குங்கள். பென்டிரைவில் இந்தப் பிரச்சினை குறைவு.

டிரைவர் தாமதமாக ஏறுகிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் டிரைவர் ஏற்றம் இரண்டு கட்டம். எட்சி அடைவின் கீழ் மாட்யூல்ஸ்-பூட்.டி என்ற அடைவில் பெயர் இருக்கும் டிரைவர்கள் ஆரம்பத்திலேயே ஏறும். மாட்யூல்ஸ்.டி அடைவில் மட்டும் இருப்பவை பின்னால் ஏறும். உங்கள் டிஸ்க்குக்குத் தேவையான டிரைவர் இரண்டாவதில் மட்டும் இருந்தால், எக்ஸ்ட்ரூட் தேடல் முடிந்த பிறகுதான் டிஸ்க் கண்ணுக்குத் தெரியும். பூட் முடிந்து பார்த்தால் டிஸ்க் நன்றாகவே இருக்கும், கையால் மவுன்ட்டும் ஆகும். அதனால்தான் இது ஆளைக் குழப்பும்.

எஃப்எஸ்டேப் தப்பான இடத்தில் இருக்கிறது. ரவுட்டர் எக்ஸ்ட்ரூட்டைத் தேடும்போது படிப்பது உள் ஃபிளாஷில் இருக்கும் எஃப்எஸ்டேப்பை. எக்ஸ்ட்ரூட் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் திருத்தும் எஃப்எஸ்டேப் டிஸ்க்கில் இருப்பது. அதில் எத்தனை திருத்தினாலும் அடுத்த பூட்டுக்கு அது தெரியாது. இதற்காகவே பழைய உள் ஓவர்லேயை ஆர்டபிள்யூஎம் என்ற பெயரில் தனியாக மவுன்ட் செய்து வைக்கும் வழக்கம் உண்டு. உங்கள் ஸ்கிரிப்டிலும் அதைச் சேர்த்துவிடுங்கள். டிஸ்க்கைப் பிடுங்காமலேயே உள் ஃபிளாஷ் எஃப்எஸ்டேப்பைத் திருத்தலாம்.

நான்காவது, தானாக அமைக்கும் ஸ்கிரிப்டுகளுக்கே உரிய ஒன்று. இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அந்த ஞாயிறு போனது. புதிதாக ஃபிளாஷ் செய்த ரவுட்டரின் முதல் பூட்டில், ஃபிளாஷில் எழுதக்கூடிய ஜேஎஃப்எஃப்எஸ்2 பகுதி இன்னும் தயாராகியிருக்காது. அதனால் ரவுட்டர் தற்காலிகமாக ரேமில் ஓர் ஓவர்லேயைப் போட்டுக்கொண்டு எழுகிறது. ‘ஜேஎஃப்எஃப்எஸ்2 நாட் ரெடி யெட், யூசிங் டெம்பரரி டிஎம்பிஎஃப்எஸ் ஓவர்லே’ என்று லாக்கிலேயே சொல்லும். பூட்டின் கடைசிக் கட்டத்தில்தான் ரேமில் இருப்பதை ஃபிளாஷுக்கு மாற்றும். இப்போது உங்கள் ஸ்கிரிப்ட், முதல் பூட் அமைப்பு ஸ்கிரிப்டுகளுக்கான யூசிஐ-டிஃபால்ட்ஸ் அடைவில் இருந்தால், அது பூட்டின் முற்பகுதியிலேயே ஓடிவிடும். அது எழுதிய எஃப்எஸ்டேப் ரேமில் இருக்கிறது. அது ரீபூட் கட்டளை கொடுக்கிறது. ரேம் காலி, எஃப்எஸ்டேப் காலி. டிஸ்க்கில் எல்லாம் தயாராக இருக்கும், ரவுட்டருக்கு மட்டும் எதுவும் நினைவிருக்காது.

தீர்வு: டிஸ்க் வேலையை யூசிஐ-டிஃபால்ட்ஸில் செய்யாதீர்கள். ஆர்சி.லோக்கல் கோப்பிலிருந்து பின்னணியில் தொடங்குங்கள். ரேமிலிருந்து ஃபிளாஷுக்கு மாறும் வேலை முடிந்த பிறகே அந்தக் கோப்பு ஓடும். யூசிஐ-டிஃபால்ட்ஸை ஐபி முகவரி, வைஃபை பெயர் மாதிரியான சில்லறை அமைப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரீபூட், ரீபூட், மறுபடியும் ரீபூட்

ரவுட்டர் எழுகிறது, விளக்கு மினுக்குகிறது, மறுபடி அணைகிறது. முதலில் டிஸ்க்கைப் பிடுங்குங்கள். சுற்று நின்றுவிட்டால் குற்றவாளி ஸ்கிரிப்ட்.

யூசிஐ-டிஃபால்ட்ஸில் இருக்கும் ஸ்கிரிப்ட் வெற்றியாக முடிந்தால், அதாவது கடைசிக் கட்டளை பூஜ்யம் திருப்பினால், ரவுட்டர் அந்தக் கோப்பை நீக்கிவிடும். முடியாவிட்டால் வைத்துக்கொண்டு அடுத்த பூட்டில் மறுபடி ஓட்டும். சரி, ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓவர்லேயை டிஸ்க்குக்கு நகலெடுக்கிறது என்று வையுங்கள். அந்த நொடியில் கோப்பு இன்னும் நீக்கப்படவில்லை. ஆக டிஸ்க்கில் எழும் புது அமைப்பிலும் அது உயிரோடு இருக்கும். எக்ஸ்ட்ரூட்டில் முதல் பூட், ஸ்கிரிப்ட் மறுபடி ஓடுகிறது, இருந்த டிஸ்க்கை மறுபடி அழிக்கிறது, ரீபூட் செய்கிறது. இப்படியே போகும். எதையும் நகலெடுக்காமல் காலி எக்ஸ்ட்ரூட்டோடு எழுந்தாலும் இதே நிலைதான். ரோமில் இருக்கும் யூசிஐ-டிஃபால்ட்ஸ் அத்தனையும் புதிதாகத் தலைதூக்கும்.

ஆகவே ஸ்கிரிப்ட் எங்கிருந்து ஓடினாலும் அதன் முதல் வேலை ‘எக்ஸ்ட்ரூட் ஏற்கெனவே ஓடுகிறதா?’ என்று பார்ப்பது. ஓடினால் சத்தமில்லாமல் வெளியேற வேண்டும். இரண்டாவது வேலை, டிஸ்க்கில் தன் லேபிள் உள்ள பார்டிஷன் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் ஃபார்மேட் கூடாது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. ஸ்கிரிப்ட் தோற்றுவிட்டது, ஆனால் கடைசி வரியில் லாக்கில் ஏதோ எழுதும் கட்டளை இருந்தது. அது எப்போதும் வெற்றிதான். ரவுட்டர் ‘வேலை முடிந்தது’ என்று கோப்பை நீக்கிவிடும், பிறகு ஒருநாளும் ஓடாது. ‘ஃபர்ஸ்ட்பூட்’ கட்டளை கொடுத்து ஓவர்லேயைத் துடைத்தால் ரோமில் இருக்கும் மூலம் மீண்டும் வெளியே வரும்.

ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடுகிறது

ஏற்கெனவே பார்டிஷன் உள்ள டிஸ்க் என்றால், செருகியவுடன் ரவுட்டர் அதை மவுன்ட் செய்துவிட்டிருக்கலாம், அல்லது பழைய ஸ்வாப்பை இயக்கியிருக்கலாம். பயன்பாட்டில் உள்ள டிஸ்க்கின் பார்டிஷன் அட்டவணையை மாற்றினால் கெர்னல் புது அட்டவணையைப் படிக்க மறுக்கும். ஃபார்மேட் பழைய அளவுகளின் மேல் நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது. பிரிப்பதற்கு முன் எல்லாவற்றையும் அன்மவுன்ட் செய்து ஸ்வாப்பை அணைக்கும் இரண்டு வரி போதும்.

வேறு டிஸ்க்கை அழித்துவிட்டது

இதற்குத் தீர்வு கிடையாது, முன்னெச்சரிக்கைதான். எஸ்டிஏ என்று யார் முதலில் வருகிறாரோ அவரை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஆபத்தானது. மெமரி கார்டு துளை உள்ள ரவுட்டர்களில் அந்தத் துளையே எஸ்டிஏ பெயரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு யூஎஸ்பி போர்ட் இருந்தால் பூட்டுக்குப் பூட்டு வரிசை மாறலாம். என் ஸ்கிரிப்டில் வைத்திருக்கும் நிபந்தனை: டிஸ்க் முற்றிலும் வெறுமையாக இருந்தால் மட்டும், அல்லது நான் முன்கூட்டியே வைத்த லேபிள் இருந்தால் மட்டும் கை வை. செருகியதும் வேலை நடக்கும் வசதி கொஞ்சம் குறைகிறது, குறையட்டும். தங்கையின் கல்யாண ஆல்பம் உள்ள டிஸ்க்கை யாராவது சினிமா பார்க்க ரவுட்டரில் செருகும் நாள் வராமலா போகும்?

எக்ஸ்ட்ரூட் வந்துவிட்டது, பேக்கேஜ்கள் மட்டும் இறங்கவில்லை

எக்ஸ்ட்ரூட்டில் எழுந்த பிறகு பேக்கேஜ்களை இறக்கும் இரண்டாம் கட்ட ஸ்கிரிப்ட் இணையம் வரும் வரை முயன்றுகொண்டே இருக்கும். இணையம் வராததற்குப் பெரும்பாலும் காரணம் மேலே இருக்கும் மோடம். ஓப்பன்டபிள்யூஆர்டியின் இயல்பான முகவரி 192.168.1.1. ஃபைபர் மோடமும் அதே முகவரியில் இருந்தால், ரவுட்டருக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே தெருப்பெயர். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிடும். இமேஜிலேயே உள் முகவரியை 192.168.2.1 என்று மாற்றி வையுங்கள்.

ஒவ்வொரு ரீபூட்டுக்குப் பிறகும் பேக்கேஜ் பட்டியலை மறுபடி இறக்க வேண்டியிருக்கிறதே என்பது கோளாறு அல்ல. பேக்கேஜ் நிறுவும் கருவியான ஓபிகேஜி தன் பட்டியலை ரேமில்தான் வைக்கும். அதன் கான்ஃபிக் கோப்பில் பட்டியல் அடைவை டிஸ்க்கில் உள்ள இடத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. ஓபிகேஜி 24.10 வரிசை வரைதான், அதன் பின் ஏபிகே. பழைய ஸ்கிரிப்டை அப்படியே புதிய பதிப்பில் போட்டால் ‘கட்டளை இல்லை’ என்று வரும்.

ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன், எல்லாம் போச்சு

போகவில்லை. லாக்கில் ‘யூயூஐடி மிஸ்மேட்ச்’ என்று இருக்கும். எக்ஸ்ட்ரூட் முதல் முறை ஓடும்போது ரவுட்டர் தன் ரோமின் அடையாளத்தை .எக்ஸ்ட்ரூட்-யூயூஐடி என்ற மறைகோப்பில் டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. ஃபர்ம்வேர் மாறியதும் அடையாளம் மாறும். ‘இது வேறு ரோமுக்கான டிஸ்க்’ என்று ஒதுங்கிக்கொள்ளும். இது பாதுகாப்பு ஏற்பாடு. டிஸ்க்கில் இருக்கும் கெர்னல் டிரைவர்கள் பழைய கெர்னலுக்கானவை, புதியதோடு ஒத்துப்போகாது.

டிஸ்க்கைத் தனியாக மவுன்ட் செய்து, அதன் மேல்மட்டத்திலும் எட்சி அடைவிலும் அந்தக் கோப்பு இருந்தால் நீக்கி ரீபூட் செய்தால் எக்ஸ்ட்ரூட் திரும்பிவிடும். பலரும் சொல்லும் வழி இது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மேல் அடுக்கில் இருக்கும் பழைய கோப்புகள் கீழே இருக்கும் புதிய ரோமின் கோப்புகளை மறைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வாரம் கழித்து ஏதோ ஒன்று காரணம் தெரியாமல் உடையும். நான் செய்வது: எக்ஸ்ட்ரூட் பார்டிஷனை மட்டும் ஃபார்மேட் செய்து, ஸ்கிரிப்டைப் புதிதாக அமைக்க விடுவது. மூன்றாகப் பிரித்ததன் பலன் இங்கேதான். டேட்டா பார்டிஷனைத் தொடவே வேண்டாம்.

புதுப்பித்த பிறகு டிஸ்க்கே தெரியவில்லை என்றால், தளத்திலிருந்து வெறும் இமேஜை இறக்கிப் போட்டிருப்பீர்கள். அதில் நம் டிரைவர்கள் இல்லை. சாவி மறுபடி பெட்டிக்குள். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் உங்கள் பட்டியலோடு இமேஜ் செய்துகொள்ள வேண்டும்.

திடீரென்று எதையும் எழுத முடியவில்லை

அமைப்பை மாற்றினால் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்கிறது. கரண்ட் போனபோதோ, கேபிள் அசைந்து டிஸ்க் ஒரு நொடி விட்டுப்போனபோதோ, ஜர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பகுதி) எழுத முடியாமல் எக்ஸ்ட்4 தன்னைப் பூட்டிக்கொண்டது. ரீபூட் செய்தால் திறக்கும், அத்தோடு விட்டுவிடாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி லினக்ஸ் கணினியில் ‘இ2எஃப்எஸ்சிகே -எஃப்’ ஓட்டுங்கள். எஃப்எஸ்டேப்பில் செக்_எஃப்எஸ் என்பதை 1 ஆக்கினால் பூட்டின்போதே சரிபார்க்கும், ஆனால் அந்தச் சரிபார்க்கும் கருவி எங்கே இருக்க வேண்டும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

மாதம் ஒருமுறை இது நடந்தால் பென்டிரைவின் ஆயுள் முடிகிறது, அல்லது அது போலி. 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி வைத்து விற்பவை சந்தையில் உண்டு. எஃப்3 என்ற இலவசக் கருவி உண்மையான கொள்ளளவைக் காட்டிக்கொடுக்கும். புதிய பென்டிரைவை ரவுட்டருக்குக் கொடுக்கும் முன்பே அதை ஓட்டிவிடுங்கள்.

டிஸ்க் வேலை செய்கிறது, வைஃபை படுத்துவிட்டது

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் தள்ளாடினால் அது யூஎஸ்பி 3.0-ன் இரைச்சல். அதன் சிக்னல் அந்த அலைவரிசையில் கசிகிறது என்று இன்டெல் 2012-லேயே ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி, ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள். பேக்கேஜ் வைக்கும் டிஸ்க்குக்கு 2.0 வேகமே தாராளம்.

டிஸ்க்கைக் கழற்றினால் பழைய பாஸ்வேர்டு கேட்கிறது

டிஸ்க் இல்லாவிட்டால் ரவுட்டர் உள் ஃபிளாஷில் எழுகிறது. அங்கே இருப்பது எக்ஸ்ட்ரூட்டுக்கு மாறிய நாளின் அமைப்பு: அன்றைய பாஸ்வேர்டு, அன்றைய வைஃபை பெயர். அன்று பாஸ்வேர்டே வைக்கவில்லை என்றால் இப்போதும் இருக்காது, யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம். அதனால் பாஸ்வேர்டு, எஸ்எஸ்எச் சாவி, வைஃபை மூன்றையும் இமேஜிலேயோ, டிஸ்க்கைச் செருகும் முன்போ அமைத்துவிடுங்கள். நகலெடுக்கும்போது அவை டிஸ்க்குக்கும் போய்விடும். பிறகு டிஸ்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு ரவுட்டர் ஒரே ரவுட்டராகத் தெரியும். ஏதாவது கோளாறு என்று யாராவது ஃபோன் செய்தால், பின்னால் குத்தியிருக்கும் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ஸ்விட்சை அணைத்துப் போடச் சொன்னால் போதும். இணையம் வந்துவிடும், மிச்சத்தை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.